சூரியன் வற்றாது, கிணறு வற்றும்!

பாய்மரப் படகுக்காரர் போடும் கணக்கைக் காரியாபட்டி விவசாயியும் போட வேண்டும்

காரியாபட்டியில் கடல் இல்லை. இங்கே இருப்பது கரிசல் மண். கருவேல மரம். பனை மரம். மழையை எதிர்பார்த்து நிற்கும் கிணறுகள்.

ஆனாலும், நடுக்கடலில் பாய்மரப் படகில் போகிறவர்களிடம் காரியாபட்டி விவசாயி கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

அது என்ன பாடம்?

சோலார் தகடு வாங்குவதற்கு முன்னால் கணக்குப் போடும் பாடம்!

இப்போது அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் முழுவதும் சோலார் பேச்சாகத்தான் இருக்கிறது. தோட்டத்தில் தகடு நிற்கிறது. மாடியில் தகடு மின்னுகிறது. "எத்தனை எச்.பி. போட்டீர்கள்? எத்தனை தகடு வைத்தீர்கள்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

"கிணற்றில் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது?" என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நடுக்கடலில் மின்கம்பம் ஏது?

'தாரிணி' என்பது இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு. நீளம் 56 அடி. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கேரளத்தைச் சேர்ந்த தில்னா என்ற இரண்டு பெண் அதிகாரிகள், அந்தப் படகில் உலகத்தையே சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் இருந்து புறப்பட்டார்கள். 2025 மே 29-ந் தேதி கோவாவுக்குத் திரும்பி வந்தார்கள். ஏறத்தாழ எட்டு மாதப் பயணம்!

பாய்மரப் படகைக் காற்று தள்ளுகிறது. அதற்குக் காசு இல்லை. ஆனால், காற்று விளக்கு எரிக்குமா? திசை காட்டும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டும். இரவில் மற்றக் கப்பல்கள் வந்து மோதாமல் இருக்க, படகின் உச்சியில் விளக்கு எரிய வேண்டும்.

நடுக்கடலில் மின்கம்பம் ஏது? மின்சார வாரியம் ஏது?

அதனால்தான், தொலைதூரம் போகும் பாய்மரப் படகுக்காரர்கள் பலர் இன்று சோலார் தகடு பொருத்திக்கொள்கிறார்கள்.

அவர்கள் எப்படித் தகடு வாங்குகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

முதலில் காகிதமும் பென்சிலும் எடுக்கிறார்கள். எந்தக் கருவி எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று வரிசையாக எழுதுகிறார்கள். பெருக்கிக் கூட்டுகிறார்கள். மேகம் மூடும் நாட்களுக்கு எவ்வளவு மிச்சம் வேண்டும் என்று பார்க்கிறார்கள். படகில் தகடு வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் பாயின் நிழல் எப்போது விழும் என்று பார்க்கிறார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கடைக்குப் போகிறார்கள்.

பாயே இல்லாமல், சூரிய ஒளியை மட்டும் நம்பி உலகத்தைச் சுற்றிய படகும் உண்டு. அதன் பெயர் 'பிளானட் சோலார்'. நீளம் 31 மீட்டர். அதன் மேலே 537 சதுர மீட்டர் பரப்புக்குத் தகடுகள். 2010 செப்டம்பர் 27-ந் தேதி மொனாக்கோ நாட்டில் இருந்து புறப்பட்டது. 2012 மே 4-ந் தேதி அங்கேயே திரும்பி வந்தது. 19 மாதத்துக்கு மேல்! வானிலையைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி வழியையும் வேகத்தையும் முடிவு செய்து படகைச் செலுத்தினார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்துக்குப் போவோம். பெரியார் போராடிய வைக்கம் நமக்குத் தெரியும். அந்த வைக்கத்தில் இருந்து தவணக்கடவுக்கு வேம்பநாட்டு ஏரியைக் கடந்து செல்லும் 'ஆதித்யா' என்ற சோலார் படகு, 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. ஒரு தடவைக்கு 75 பேர் போகலாம். எத்தனை பேர், எவ்வளவு தூரம், எத்தனை நடை என்று கணக்கிட்டு, அதற்கு ஏற்றபடி தகடும் பேட்டரியும் வைத்திருக்கிறார்கள்.

"ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். படகுக்காரர்கள் அதைச் செய்கிறார்கள். நாம்?

தகடு பிறந்த கதை

சோலார் தகடு புது அதிசயம் அல்ல. 1954-ம் ஆண்டு அமெரிக்காவில் 'பெல்' ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்று விஞ்ஞானிகள் சிலிக்கன் என்ற பொருளில் சோலார் செல்லைச் செய்து காட்டினார்கள். மணலில் இருந்து எடுக்கப்படுவதுதான் சிலிக்கன். அதன் மேல் வெளிச்சம் பட்டதும் மின்சாரம் பாய்ந்தது. விழுந்த ஒளியில் நூற்றில் 6 பங்குதான் அன்று மின்சாரமாக மாறியது. இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல தகடுகளில் நூற்றில் 20 பங்குக்கு மேல் மாறுகிறது.

1958-ல் 'வேன்கார்டு' என்ற செயற்கைக்கோளில் இந்தச் செல்களை வைத்து விண்வெளிக்கு அனுப்பினார்கள். அன்று விண்வெளிக்குப் போன பொருள் இன்று காரியாபட்டி தோட்டத்துக்கு வந்துவிட்டது!

நம் வட்டாரத்துக்கு அருகிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. அருப்புக்கோட்டைக்குத் தென்கிழக்கே, ராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே, 2016-ல் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் அமைந்தது. சுமார் 2,500 ஏக்கர். சுமார் 25 லட்சம் தகடுகள். இந்த வறண்ட சீமையில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை என்பதை அது ஊருக்குச் சொல்கிறது.

ஆகவே, சோலார் நல்லதா, கெட்டதா என்று கேட்க வேண்டியது இல்லை. நல்லதுதான். எங்கே, எவ்வளவு, எதற்கு என்பதே கேள்வி.

விவசாயிக்குக் கிடைத்த வரம்

தோட்டத்துக்கு மின் இணைப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். டீசல் எஞ்சின் வைத்து இறைத்தவர்கள், விற்ற பூவின் காசை எண்ணெய்க்கே கொடுத்தார்கள். மின் இணைப்பு உள்ளவர்களும், கரண்டு வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்தார்கள். பாம்புக்கும் பயம். பள்ளத்துக்கும் பயம். வீட்டில் மனைவி மக்கள் தூங்காமல் விழித்திருப்பார்கள்.

சோலார் மோட்டார் இந்தத் துன்பத்தை நீக்குகிறது. காலையில் வெயில் ஏறும்போது மோட்டார் ஓடுகிறது. மாலையில் நிற்கிறது. விவசாயி பகலில் பாய்ச்சிவிட்டு இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

அரசும் உதவி செய்கிறது. 'பிரதமர் குசும்' என்ற மத்திய அரசுத் திட்டம் 2019-ல் வந்தது. அதன்படி தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் விவசாயிகளுக்கு 60 சதவீத மானியத்தில் சோலார் பம்ப்செட் கொடுக்கப்பட்டது. மானிய அளவும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. வழியில் பார்ப்பவர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது.

இவ்வளவும் வரம்தான். ஆனால், வரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிய வேண்டாமா?

நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை

டீசல் எஞ்சின் ஓடும்போது, ஒவ்வொரு லிட்டருக்கும் காசு போகிறது. வாய்க்கால் நிறைந்ததும் விவசாயி ஓடிப்போய் நிறுத்திவிடுவார். காசு அவரை நிறுத்தச் சொல்கிறது.

1990-ல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆயிற்று. ஏழை விவசாயிகள் பிழைத்தார்கள். அது பெரிய உதவி. ஆனால், காசு சொன்ன "நிறுத்து" என்ற சொல் அதோடு போய்விட்டது. அப்போதும் மின்வெட்டாவது மோட்டாரை நிறுத்தியது.

சோலார் மோட்டாருக்குக் காசும் இல்லை, மின்வெட்டும் இல்லை. வெயில் இருக்கும் வரை ஓடும். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை!

சூரியன் வற்றாது. கிணறு வற்றும்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போகிறது. மற்ற மாதங்களில் பாறை வெடிப்புகளில் தங்கிய தண்ணீர்தான் கிணற்றுக்கு ஊற்று. அந்த வெடிப்பில் உள்ள தண்ணீர் ஒருவருக்கு மட்டும் சொந்தம் அல்ல. நிலத்துக்கு மேலே வரப்பு உண்டு. பூமிக்கு அடியில் வரப்பு இல்லை.

ஒருவர் பெரிய மோட்டாராகப் போட்டு நாள் முழுவதும் உறிஞ்சினால், பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் இறங்கும். பக்கத்துத் தோட்டக்காரர் சும்மா இருப்பாரா? போர் போடுவார். அதைப் பார்த்து இவரும் இன்னும் ஆழமாகப் போர் போடுவார். இருவரும் கடனாளி ஆவார்கள். தண்ணீர் இன்னும் கீழே போகும்.

ஆழம் இரண்டு மடங்கானால், அதே தகட்டில், அதே வெயிலில் கிடைக்கும் தண்ணீர் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அன்று வாங்கிய தகடு அப்படியே இருக்கும். அதில் வரும் தண்ணீர்தான் குறைந்திருக்கும்.

கிணற்றை அளப்பது எப்படி?

இதற்கு என்ஜினீயர் வேண்டியதில்லை. கயிறும் கல்லும் போதும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லலாம்.

மாலையில் இறைத்து முடித்ததும், கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்க வேண்டும். மறுநாள் காலையில், மோட்டார் போடும் முன்பு, மறுபடி அளக்க வேண்டும். எத்தனை அடி ஏறியிருக்கிறதோ, அதுதான் ஒரு இரவு ஊறிய தண்ணீர். மழைக்காலத்தில் அளந்தால் போதாது. சித்திரை, வைகாசி வெயிலில் அளப்பதுதான் உண்மையான அளவு.

20 அடி விட்டமுள்ள வட்டக் கிணறு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு அடித் தண்ணீர் என்றால் சுமார் 8,900 லிட்டர். ஓர் இரவில் 4 அடி ஊறினால் சுமார் 35,600 லிட்டர். அதுதான் அந்தக் கிணறு கொடுக்கும் தினக்கூலி.

இனி நிலத்தின் தேவையைப் பார்ப்போம். கோடையில் பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டர் ஆகிறது. அப்படியானால் இந்தக் கிணறு தாங்குவது ஒன்றே முக்கால் ஏக்கர். அதற்கு மேல் பயிர் வைத்தால் காயும். வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சினால் வழியில் வீணாவது போக இன்னும் குறையும். சொட்டுநீர்க் குழாய் போட்டால் வீணாவது மிச்சமாகும்.

இந்தக் கிணற்றில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் இறைக்கும் சோலார் பம்ப்செட்டை இறக்கினால் என்ன ஆகும்? பகலில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே அந்த இரவு ஊறிய தண்ணீர் தீர்ந்துவிடும். மிச்ச நேரம் தகடு சும்மா வெயில் காயும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் மோட்டாரும் கெடும். மானியம் போகக் கட்டிய பணம் பாழ். கடன் வாங்கிக் கட்டியிருந்தால் வட்டியும் பாழ்.

சிறிய பம்ப்செட் போதும் என்று கணக்குச் சொன்னால், சிறியதையே வாங்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் பெரியது வைத்திருக்கிறார் என்று பெரியது வாங்குவது, பிறர் காலுக்கு அளவெடுத்த செருப்பைத் தான் போட்டுக்கொள்வது போல.

நிழல் பொல்லாதது

வாங்கியாயிற்று. எங்கே வைப்பது?

பாய்மரப் படகுக்காரருக்குப் பெரிய எதிரி, பாய்மரத்தின் நிழல். மெல்லிய கம்பின் நிழல்தானே என்று விட்டுவிட முடியாது. தகட்டில் உள்ள செல்கள் மாலையில் கோத்த பூக்கள் போல ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கின்றன. ஒரு செல் நிழலில் மூடினால், அதோடு கோத்த வரிசையே சோர்ந்துவிடும். பெரும்பாலான தகடுகளில் செல்கள் மூன்று வரிசைத் தொகுப்பாக இருக்கும். ஒரு தொகுப்பில் நிழல் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும்.

காரியாபட்டித் தோட்டத்தில் பாய்மரம் இல்லை. பனைமரம் இருக்கிறது. தென்னை இருக்கிறது. மோட்டார் ரூம் இருக்கிறது. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை எந்த நிழலும் விழாத இடம் எது என்று ஒரு நாள் முழுவதும் நின்று பார்த்துவிட்டுத்தான் தகட்டை நட வேண்டும். நிழல் விழுகிறது என்று நல்ல மரத்தை வெட்டுவதைவிட, தகட்டை நாலு அடி தள்ளி வைப்பது மேல்.

தகடு தெற்குப் பார்த்து, சற்றே சாய்ந்து இருக்க வேண்டும். இந்த வட்டாரத்துக்குச் சுமார் 10 டிகிரிச் சாய்வு போதும். அதாவது 6 அடி நீளத்துக்கு ஒரு அடி உயரம். இங்கே சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். ஆகவே செங்குத்தாகத் தூக்கி வைத்தால் நஷ்டம். அடியோடு படுக்க வைத்தால் புழுதி தங்கும்; மழைநீர் கழுவிக்கொண்டு ஓடாது.

வெயில் சுட்டெரித்தால் மின்சாரம் கூடும் என்று நினைப்பதும் தவறு. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அல்ல. சூடு ஏற ஏற மின்சாரம் குறையும். கோடையில் தகடு 60 டிகிரிக்கு மேலும் கொதிக்கும். அப்போது நூற்றில் 10 பங்குக்கு மேல் குறையக்கூடும். அதனால் தகரக் கூரையோடு ஒட்டி வைக்காமல், அடியில் காற்றுப் போக இடம் விட வேண்டும்.

கடலில் உப்புத் தண்ணீர் தெறித்துத் தகட்டில் வெள்ளையாகப் படியும். படகுக்காரர்கள் துடைப்பார்கள். இங்கே கரிசல் புழுதி படியும். கமுதி மின்நிலையத்தில் தகடுகளைத் துடைக்க இயந்திரங்களையே வைத்திருக்கிறார்கள். வீட்டில் மெல்லிய துணியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். காலையில் துடைக்க வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. உப்புத் தண்ணீர் போரில் இருந்து எடுத்துக் கழுவினால் கறை படியும்; மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக் கழுவலாம்.

ஆடிக்காற்று அம்மியையும் நகர்த்தும் என்பார்கள். தகட்டை விட்டுவைக்குமா? கால்களைக் கான்கிரீட்டில் ஆழப் புதைக்க வேண்டும். இடி மின்னல் தாங்கியும், ஏர்த் கம்பியும் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் சொல்வார்கள். மோட்டாருக்கும் கண்ட்ரோலருக்கும் எத்தனை ஆண்டு, ரிப்பேர் என்றால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வேண்டுமா?

மாடியில் தகடு வைக்க 2024-ல் 'பிரதமர் சூர்ய கர்' திட்டம் வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் அறிவிக்கப்பட்டது.

இங்கேயும் முதலில் கணக்கு. நாலு எல்.இ.டி. பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு டி.வி., ஒரு பிரிட்ஜ், ஒரு மிக்சி உள்ள வீட்டில் நாளைக்கு ஏறக்குறைய 3 யூனிட் செலவாகும். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். ஒரு கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். அதற்கு மாடியில் சுமார் 100 சதுர அடி போதும். இந்த வீட்டுக்கு மூன்று கிலோவாட் எதற்கு?

பிரிட்ஜ் இல்லாத சிறிய வீட்டில் 100 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் 2016 முதல், வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. பில்லே வராத வீட்டில் கடன் வாங்கித் தகடு வைப்பது என்ன புத்திசாலித்தனம்? அந்தப் பணத்தில் மகளின் படிப்புக்குக் கட்டலாம். தையல் மிஷின் வாங்கலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணைத்த தகடு, பேட்டரி இல்லாவிட்டால், ஊரில் கரண்டு போகும்போது தானும் நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். "கரண்டு போனாலும் எரியும்" என்று யாராவது சொன்னால், "பேட்டரி எங்கே?" என்று கேளுங்கள்.

தோட்டத்துக்கோ பேட்டரி தேவையே இல்லை. தண்ணீர்த் தொட்டிதான் தோட்டத்தின் பேட்டரி! பகலில் தொட்டியை நிரப்பி வைத்தால், வேண்டிய நேரத்தில் பாய்ச்சலாம். பேட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். நன்றாகக் கட்டிய தொட்டி நெடுங்காலம் நிற்கும்.

மிச்ச வெயிலை என்ன செய்வது?

"சோலார் மோட்டார் பகலில் மட்டும்தானே ஓடுகிறது, இரவெல்லாம் ஓடும் மோட்டாரைவிட மேல்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரவில் போட்டுவிட்டுத் தூங்கி, விடிய விடியத் தண்ணீர் வீணாவது சோலாரில் இல்லை. ஆனால், வற்றும் கிணற்றுக்குப் பகல் இறைப்பே போதும். கிணறு தாங்கும் அளவுக்கு மேல் எடுத்தால், பகலில் எடுத்தாலும் நஷ்டம்தான்.

குஜராத்தில் ஆனந்த் நகருக்கு அருகே துண்டி என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் சோலார் பம்ப்செட்டுகளை மின்கம்பியோடு இணைத்தார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் வழிகாட்டியது. பயிருக்கு வேண்டிய தண்ணீர் எடுத்த பிறகு, மிச்ச மின்சாரத்தை 2016 முதல் மின்கம்பெனிக்கு விற்றார்கள். தண்ணீரை அதிகமாக இறைத்தால், விற்கும் மின்சாரம் குறையும், வரவும் குறையும். "நிறுத்து" என்று சொல்லக் காசு மறுபடி வந்துவிட்டது!

வெயிலும் ஒரு பயிர்தான். அதை அறுவடை செய்து விற்கலாம்.

தமிழ்நாட்டின் வறண்ட வட்டாரங்களுக்கு இந்த வழியே நல்லது. பம்ப்செட் வாங்க மானியம் கொடுப்பதோடு அரசு நிறுத்தக்கூடாது. இறைக்காமல் மிச்சம் பிடித்த மின்சாரத்துக்கு விலையும் கொடுக்க வேண்டும். மானியம் கொடுக்கும் முன்பு, கோடையில் கிணறு ஊறும் அளவை அளந்து பார்க்க வேண்டும். கிணற்றுக்குத் தகுந்த குதிரைசக்திக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். சோலாரோடு சேர்த்துச் சொட்டுநீரும் தொட்டியும் கொடுக்க வேண்டும்.

ஊராரும் செய்ய வேண்டியது உண்டு. கண்மாயே கிணற்றின் வங்கி. வரத்துக் கால்வாயை அடைத்துவிட்டு, கண்மாயில் கருவேலத்தை வளரவிட்டு, கிணற்றில் மட்டும் தண்ணீர் கேட்டால் எங்கிருந்து வரும்? ஐப்பசி மழைக்கு முன்னால் கால்வாயைத் திறந்துவிட்டால், அடுத்த கோடையில் கிணறு ஊறும். வங்கியில் பணம் போடாதவர் காசோலை எழுத முடியாது.

கையெழுத்துப் போடும் முன்பு

சோலார் விற்பவர் வீட்டுக்கு வந்தால், அவரை உட்காரவைத்து மோர் கொடுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்.

கோடையில் எங்கள் கிணறு ஒரு நாளில் எத்தனை லிட்டர் ஊறுகிறது என்று அளந்தீர்களா?

அந்தத் தண்ணீரை இறைக்க இதைவிடச் சிறிய பம்ப்செட் போதாதா?

ரிப்பேர் ஆனால் யார் வருவார், எத்தனை ஆண்டு வரை இலவசமாக வருவார்?

மூன்றுக்கும் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். முதல் கேள்விக்கே விழிப்பவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பதிலைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கடன் கட்டப் போவது குடும்பம் முழுவதும்தான். வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்தும் பெண்களுக்கு, எது தேவை, எது வீண் என்று நன்றாகத் தெரியும்.

சூரியன் நாளையும் வரும். மறுநாளும் வரும். அதற்கு அவசரம் இல்லை. பாறைக்குள் இருக்கும் தண்ணீரோ நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். அதை அளந்து எடுப்பவர் தோட்டத்தில்தான் தகடும் பலன் தரும், மல்லிகையும் பூக்கும்.